கால் எடுக்க ஓர் இடம்

பெங்களூருக்கு வெளியே இருக்கும் எங்கள் பார்க்கில், தலைகீழாகச் சுற்றும் பெரிய ரைடு ஒன்று வரப்போகிறது என்று ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அன்று என் போன் ஓயவே இல்லை. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஆனாலும் ஆளாளுக்கு என் அபிப்பிராயம் வேண்டுமாம். குடும்பம் குட்டியோடு வருகிற இடத்தில் வயிற்றைக் கலக்கும் சாமான்கள் இன்னும் வேண்டுமா, இருப்பது போதுமா? போதும், இருக்கிற ராட்டினத்துக்குப் பெயின்ட் அடிக்கட்டும் என்றது ஒரு கூட்டம். அப்படி இருந்தால் காலேஜ் பிள்ளைகள் வேறு பார்க்குக்குப் போய்விடுவார்கள், நாம் ஈ ஓட்டலாம் என்றது இன்னொரு கூட்டம். அடுத்த வாரம் நிர்வாகமே பழைய ஆட்கள் சிலரைக் கூட்டத்துக்கு அழைத்தது. அதில் நானும் உண்டு.

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்ற பெண்மணி, மூக்குக் கண்ணாடி, முழங்கால் வலி, வேறு என்ன சொல்வாள்? என்னை அவர்கள் அறிந்தது அவ்வளவுதான். நான் கூட்டத்தில் என்ன சொன்னேன் என்பதைச் சொல்வதற்கு, முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் பெங்களூர் மர்பி டவுன்காரி. பெயர் தனலட்சுமி, பார்க்கில் தனாக்கா. சேர்ந்த புதிதில் குழந்தைகளின் உயரம் அளக்கும் வேலை கொடுத்தார்கள். கோட்டுக்கு மேலே தலை தெரிந்தால் சிரிப்பு, கீழே இருந்தால் அழுகை. மூன்று வருடம் அந்த அழுகையைக் கேட்டுக் காது மரத்துப்போனது. பிறகு ராட்டினம், பிறகு மோதும் கார்கள். கடைசியாகக் கோபுரம். பன்னிரண்டு பேரை நான்கு பக்கமும் மூன்று மூன்றாக உட்காரவைத்து உச்சிக்குத் தூக்கி, சில நொடி ஊரைக் காட்டிவிட்டு, பொத்தென்று கீழே விடும் ரைடு அது. அதன் பேனலில் உட்காருவதற்குக் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டை தொங்க வேண்டும். எங்கள் பார்க்கில் அந்த அட்டையை வாங்கிய முதல் பெண் நான்தான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அட்டையைக் கொடுத்தவர் நஞ்சுண்டையா. ரைடுகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர். காலை எட்டு மணிக்குக் காதில் பேனாவைச் செருகிக்கொண்டு வந்துவிடுவார். பன்னிரண்டு இருக்கைகளின் தோள் கம்பிகளையும் ஒவ்வொன்றாக இறக்குவார். ஒரு தள்ளு, ஒரு இழுப்பு, பக்கவாட்டில் ஓர் ஆட்டு. பேனலில் பச்சை விளக்கு எரிகிறதே சார் என்று ஒருமுறை கேட்டேன். விளக்கு சுள்ளு சொல்லும், கை சொல்லாது என்றார். சுள்ளு என்றால் கன்னடத்தில் பொய். முதல் சுற்று காலியாகப் போகும். இரண்டாவது சுற்றில் இருக்கைக்கு ஒரு மணல் மூட்டை. மூன்றாவது சுற்றில் அவரே ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பார்ப்பவர்களுக்குச் சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும், ஆனால் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார். கீழே இறங்கி, பின்பக்கத்துச் சக்கரம் இருமுகிறது, பாருங்கள் என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அது நிஜமாகவே தேய்ந்திருக்கும்.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்கிற மாதிரி சட்டை நுனியால் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை பேசமாட்டார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

கோபுரத்தைக் கிளப்புவதற்கு ஒரு முறை இருந்தது. பேனல் அறையிலிருந்து எனக்கு முன்பக்கம்தான் தெரியும். பின்பக்கத்து இருக்கைகள் கோபுரத்தின் மறைவில் இருக்கும். முன்பக்கம் நிற்கும் ஊழியர் மற்ற மூன்று பக்கத்துக் கம்பிகளையும் சோதித்து, மஞ்சள் கோட்டுக்கு வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்த வேண்டும். பின்பக்கம் நிற்பவர் வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். இரண்டும் வந்தால்தான் பட்டனைத் தொடலாம். வாக்கி-டாக்கியில் சொல்வதற்கென்று புத்தகத்தில் நீளமாக ஓர் இங்கிலீஷ் வாக்கியம் இருந்தது. கூட்ட நாளில் அதை யார் சொல்வது? எங்களுக்குள் ஒரு சொல் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. அது ‘மேலே’. தமிழிலும் மேலே, கன்னடத்திலும் மேலே. யாருக்கும் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். காவிரிக்காக ஊரே சண்டை போட்டாலும் இந்த ஒரு சொல்லில் நாங்கள் ஒற்றுமை என்று கேலி பேசிக்கொள்வோம். நஞ்சுண்டையா யோசித்துப் பார்த்துவிட்டு அவரும் சரி என்றார்.

அந்த ஞாயிறு கோடை விடுமுறைக்கு நடுவில் வந்தது. பார்க்கிங்கில் ஓசூர், கிருஷ்ணகிரி வண்டிகள் நிரம்பி வழிந்தன. கோபுரத்தின் வரிசை கம்பித் தடுப்புகளுக்குள் மடிந்து மடிந்து ஐஸ்கிரீம் கடைவரை நின்றது. பின்பக்கம் நின்றவன் மஞ்சுநாத், மாகடி பக்கத்துக்காரன். சுறுசுறுப்பானவன், நல்லவன், அவசரக்காரன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது சுற்று. முன்பக்கத்தில் கட்டைவிரல் உயர்ந்தது. வாக்கி-டாக்கி கரகரத்தது. மேலே என்று மஞ்சுவின் குரல். பட்டனை அழுத்தினேன். கோபுரம் ஏறத் தொடங்கியது.

இரண்டு மூச்சு விட்டிருப்பேன். மறுபடி கரகரப்பு.

“அக்கா, நில்லிஸி, நிறுத்துங்க. அந்தம்மா வேணாம்னு சொல்றாங்க. நான் ஆமேலேன்னுதானே சொன்னேன்.”

கன்னடத்தில் ‘ஆமேலே’ என்றால் ‘அப்புறம்’ என்று அர்த்தம். ஒருவர் இறங்க வேண்டும் என்கிறார், இப்போது வேண்டாம், அப்புறம் அனுப்பு என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான். எங்கள் வாக்கி-டாக்கியில் பட்டனை அழுத்தி ஒரு கணம் பொறுத்துத்தான் பேச வேண்டும். அழுத்தும்போதே பேசினால் முதல் எழுத்தை அது விழுங்கிவிடும். இது எல்லோருக்கும் தெரியும், அவசரத்தில் யாரும் பொறுப்பதில்லை. அது ‘ஆ’வை விழுங்கிவிட்டு மிச்சத்தை என்னிடம் கொடுத்தது. நான் பிறந்து வளர்ந்ததே பெங்களூரில், கன்னடம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனால் என்ன? வராத எழுத்தை எந்த மொழி தெரிந்து கேட்பது?

கோபுரம் பாதிக்கு மேல் போய்விட்டது. என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பேசாமல் விட்டுவிடலாம். கம்பி பூட்டியிருந்தது, உயிருக்கு ஒன்றும் ஆகாது, அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். சிவப்புப் பட்டனை அழுத்தலாம். அழுத்தினால் இருந்த இடத்திலேயே நின்றுவிடும், மெக்கானிக் வந்து கையால் இறக்கும்வரை பன்னிரண்டு பேரும் வெயிலில் தொங்க வேண்டும். மூன்றாவது மஞ்சள் பட்டன். அது ரைடை நிறுத்தி மெதுவாக இறக்கும். ஆனால் இயந்திரக் கோளாறு என்றால் மட்டும்தான் அதைத் தொடலாம், அதுவும் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு. அன்றைக்குக் கோளாறு இயந்திரத்தில் இல்லை, என் காதில். நான் யாரையும் கேட்கவில்லை. மஞ்சளை அழுத்தினேன்.

மாடிப்படி இறங்குகிற வேகத்தில் அது இறங்கியது. மற்ற பதினொரு பேரும் மணிக்கணக்கில் வெயிலில் நின்று ஏறியவர்கள். விசிலும் ஊளையும் பறந்தன. ஒரு பையன் தூங்கிவிட்டேன், எழுப்புங்கள் என்று கத்தினான். பேனலைப் பூட்டிச் சாவியை முன்பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு நான் பின்பக்கம் ஓடினேன்.

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். மஞ்சு கையைப் பிடித்து இறக்கினான். அழவில்லை. முழங்கால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே அவள் கணவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு சிரித்தார். அவர்தான் சும்மா உட்காரு, ஒன்றும் ஆகாது என்று தள்ளி உட்காரவைத்தாராம். விட்டிருந்தால் பயம் தெளிந்திருக்கும் மேடம், கெடுத்துவிட்டீர்களே என்று என்னிடமே சொன்னார். அந்த போனைப் பிடுங்கி எறிய எனக்குக் கை துறுதுறுத்தது. நான் யூனிஃபார்ம் போட்டிருந்ததால் அவர் தப்பித்தார்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தப்பு என்னுடையது, கேட்டதில் பிழை என்றேன். பெயர் செல்வி, ஈஜிபுராவில் குடியிருக்கிறாள், கார்மென்ட்ஸில் தையல் வேலை என்று தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நானும் மெஷின் ஓட்றவதான் மேடம். எங்க மெஷின்ல கால எடுத்தா நின்னுடும். இதுல கால எடுக்கற எடம் எங்க இருக்கு?”

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஷிஃப்ட் முடிவில் லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். கூட வேலை செய்த ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், சென்சார் கோளாறு என்று ஒரு வரி எழுதிவிடு, அட்டை போய்விடும் என்று. அட்டை போனால் மறுபடி ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுக்க யோசிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணின் முழங்கால்தான் கண் முன்னால் நின்றது. ஆமேலே என்பதை மேலே என்று கேட்டேன், இறங்க விரும்பியவரை ஏற்றிவிட்டேன், அனுமதி இல்லாமல் மஞ்சளை அழுத்தினேன் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை நஞ்சுண்டையா அந்தப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அவர் எழுந்து இரண்டு வாக்கி-டாக்கிகளை எடுத்தார். ஒன்றை மஞ்சுவிடம் கொடுத்துப் பின்பக்கம் அனுப்பினார். மற்றதை என்னிடம் கொடுத்துப் பேனல் அறையில் உட்காரவைத்தார். நேற்று எப்படிச் சொன்னாயோ அப்படியே பத்துத் தடவை சொல் என்றார் அவனிடம். ஒவ்வொரு தடவையும் காதில் விழுந்ததை எழுது என்றார் என்னிடம். எழுதினேன். பாதிக்கு மேல் வெறும் ‘மேலே’தான். பிறகு அவரே என் இடத்தில் உட்கார்ந்து கேட்டார். அவருக்கும் அப்படித்தான் விழுந்தது. கன்னடத்தில் பிறந்த காது அது.

லாக் புத்தகத்தை வாங்கி என் மூன்று வரிக்குக் கீழே அவர் ஒரு வரி எழுதினார். ‘மேலே என்ற சொல்லுக்கு ஒப்புதல் கொடுத்தது நான். அது என் பிழை.’ கையெழுத்து. அத்தனை பெரிய பதவியில் இருப்பவர் தன் பிழையைத் தன் கையால் எழுதி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அதற்காக என்னைச் சும்மாவும் விடவில்லை. கேட்காமல் மஞ்சளைத் தொட்டதற்கு அட்டையை இரண்டு வாரம் வாங்கி வைத்துக்கொண்டார். சட்டம் சட்டம்தானே அம்மா என்றார். அன்றிலிருந்து வாக்கி-டாக்கியில் ‘மேலே’ கிடையாது. பின்பக்கத்தவர் இருக்கைகளின் எண்கள் மூன்றையும் சொல்ல வேண்டும், பேனலில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து விழுந்தாலும் தெரிந்துவிடும்.

அந்த இரண்டு வாரமும் என்னைப் பொம்மை ரயிலில் போட்டார்கள். கோபுரம் ஓட்டியவளுக்குப் புழு மாதிரி நெளிகிற ரயில். மானம் போயிற்று என்று முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அங்கிருந்து பார்த்தால் கோபுரத்தின் வரிசை முழுவதும் தெரியும். பேனல் அறையில் இருக்கும்போது நான் பார்த்ததெல்லாம் உட்கார்ந்தவர்களைத்தான். வரிசையில் நிற்பவர்களின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன்.

வரிசை நகர நகரச் சிலர் முகம் மாறும். மேலே இருந்து அலறல் கேட்கும்போது கம்பியை இறுக்கிப் பிடிப்பார்கள். திரும்பிப் பின்னால் பார்ப்பார்கள். பின்னால் நூறு பேர். கம்பித் தடுப்புக்குள் அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு, தள்ளுங்க, தள்ளுங்க என்று கெஞ்சிக்கொண்டு, எல்லோர் கண்ணும் பார்க்க வெளியே போக வேண்டும். அதற்கு ஏறிவிடுவதே மேல் என்று ஏறிவிடுவார்கள். நாங்கள் அதைத் துணிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். செல்வி கேட்டதற்கு எனக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. கால் எடுக்க அவளுக்கு ஓர் இடமே இல்லை.

அட்டையைத் திரும்ப வாங்கும்போது நஞ்சுண்டையாவிடம் சொன்னேன். வரிசை முடிகிற இடத்தில், ஏறுவதற்குப் பத்தடி முன்னால், தடுப்பில் ஒரு சின்னக் கதவு வேண்டும். யாரையும் கேட்காமல் தள்ளினால் திறக்க வேண்டும். அவர் காதிலிருந்த பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார், அடுத்த செவ்வாய்க்கிழமை வெல்டர் வந்தார். பயந்தாங்கொள்ளிகள் போகிற வழி என்று கேலியாக, பசங்கள் அதற்குக் கோழி கேட் என்று பெயர் வைத்தார்கள். நஞ்சுண்டையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பெயர் அன்றோடு ஒழிந்தது. ‘வெளியே செல்லும் வழி’ என்று மட்டும் மூன்று மொழியில் ஒரு பலகை.

பயந்தவர்கள் எல்லாம் அந்த வழியாக ஓடிவிடுவார்கள், வரிசை காற்றாடும் என்று நிர்வாகம் பயந்தது. நடந்தது வேறு. அந்த வழியாகப் போனவர்கள் இருந்தார்கள். ஆனால் அதுவரை கோபுரத்தின் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் வரிசையில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பைகளையும் செருப்புகளையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள், அத்தைகள், தொப்பை போட்ட அப்பாக்கள். பாதியில் போய்விடலாம் என்று தெரிந்ததால் பாதிவரை வந்தார்கள். பாதிவரை வந்தவர்களில் பலர் ஏறினார்கள். நான் ஓய்வு பெறும்வரை அதைக் கண்ணால் பார்த்தேன்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். பெரிய மேசை, ஏசி குளிர், சுவரில் புதிய ரைடின் படம். திட்டத்தைப் பார்க்கும் இன்ஜினியர் கார்த்திக், நல்ல படிப்பாளி, என்னை ஆன்ட்டி என்று அழைத்தார். குடும்பப் பார்க்கில் இது தேவையா என்று அவர் முதலில் என்னைத்தான் கேட்டார். தாராளமாக வையுங்கள், இன்னும் ஒன்று வைத்தாலும் வையுங்கள் என்றேன். மேசையைச் சுற்றி எல்லா முகமும் திரும்பியது. பிறகு படத்தில் வரிசை எங்கே முடிகிறது என்று கேட்டேன். அது மூடிய சுரங்கப்பாதை மாதிரி ஒரு வரிசை. உள்ளே விளக்கு, திரை, சத்தம். கதவு எங்கே என்று கேட்டேன். யாருக்காவது வேண்டுமென்றால் ஊழியரிடம் சொன்னால் அவர் சாவி போட்டுத் திறந்துவிடுவார் என்றார்.

“கேட்டு வாங்கற கதவு கதவே இல்ல தம்பி. அவ்ளோ பேருக்கு முன்னாடி வாயத் தொறந்து கேக்க தைரியம் இருந்தா, அவங்க ஏறிடுவாங்க.”

வழியைக் காட்டினால் ஜனங்கள் போய்விடுவார்கள் ஆன்ட்டி, வரிசையின் மூடே கெட்டுவிடும் என்றார் அவர். கோபுரத்தில் நடந்ததை முழுவதும் சொன்னேன், என் பிழை உட்பட. குடும்பப் பார்க் என்றால் எல்லோரும் ஒரே ரைடில் ஏறுகிற இடம் இல்லை, ஏறாதவர்களை யாரும் மட்டமாகப் பார்க்காத இடம், அதை மட்டும் காப்பாற்றிக்கொண்டு எத்தனை பயமான ரைடு வேண்டுமானாலும் வையுங்கள் என்றேன். அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு பல மாதம் எந்தத் தகவலும் இல்லை. கதவு வருமா வராதா என்று நான் மஞ்சுவைப் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அவன் இப்போது ஷிஃப்ட் இன்சார்ஜ். மேலிடத்து விஷயம் அக்கா, பேஜார் பண்ணாதீங்க என்று அவனும் கையை விரித்தான்.

திறப்பதற்கு முந்தின வாரம் ஊழியர்களுக்கும் பழைய ஆட்களுக்கும் மட்டும் ரைடு ஓடியது. போனேன். வரிசைக்குள் நுழைந்தேன். விளக்கு, திரை, சத்தம் எல்லாம் சொன்னபடி. தலைக்கு மேலே அது உருண்டு போகும்போது தரை அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் தடுப்புக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் பட்டனுக்கு இந்தப் பக்கம் இருந்தவள் நான். அந்தப் பக்கம் இப்படி இருக்கும் என்று தெரியாது. கடைசி வளைவு திரும்பினேன். இடதுபுறம் கதவு இருந்தது. பூட்டு இல்லை, சாவி இல்லை, வெறுமனே தள்ளுகிற கதவு. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. அந்தச் சந்தோஷத்திலேயே அதைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஆம், நான்தான். கூட்டத்தில் அத்தனை வீரம் பேசியவள். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் மீசை முறுக்கிய செக்யூரிட்டி ஒருவரும் அதே வழியாக வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் மோர் வாங்கிக் குடித்தோம். அரை மணி நேரம் கழித்து எனக்கே ஆச்சரியமாக, மறுபடி போய் வரிசையில் நின்றேன்.

இந்தத் தடவை உட்கார்ந்தேன். தோள் கம்பி இறங்கியது. என்னை யாரென்று தெரியாத ஓர் இளம்பெண் வந்து கம்பியைத் தள்ளினாள், இழுத்தாள். அதோடு அடுத்த இருக்கைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்துக்கு நேராகக் குனிந்து, போலாமாம்மா என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவரிடமும் கேட்டிருந்தாள், அதற்கு அடுத்தவரிடமும் கேட்பாள் போல. இதை நஞ்சுண்டையா வைக்கவில்லை, நான் சொல்லவில்லை, எங்கள் காலத்துப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. இந்தப் பிள்ளைகளே கண்டுபிடித்தது. என் வாயிலிருந்து பதில் வரும்வரை அவள் நகரவே இல்லை.